7. தட்டல் சொல்லிக்கொடுப்பவருக்கு என்ன தகுதி வேண்டும்?

தட்டல் முறையைக் கற்றுக்கொள்ள ஒரு மணித்தியாலம் போதும். கையின் ஓரம், புருவத்தின் தொடக்கம், கண்ணின் ஓரம், கண்ணுக்குக் கீழே, மூக்குக்குக் கீழே, நாடிக்குழி, காறையெலும்பின் அடி, கக்கத்துக்கு நாலு விரல் கீழே, உச்சந்தலை என்று ஒன்பது இடங்கள். மனதை உறுத்துவதை நினைத்துக்கொண்டு, அதை வாய்விட்டுச் சொல்லி, ஒவ்வோர் இடத்திலும் விரல் நுனியால் ஏழெட்டுத் தடவை மெல்லத் தட்ட வேண்டும். முந்திய அத்தியாயங்களைப் படித்தவர் இதற்குள் தனக்குத் தானே பலமுறை செய்து பார்த்திருப்பார். இந்த அத்தியாயம் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க விரும்புகிறவருக்கானது. நீங்கள் பிள்ளை காம்பராப் பொறுப்பாளராக இருக்கலாம், தோட்டப் பாடசாலை ஆசிரியையாக இருக்கலாம், மாதர் சங்கத் தலைவியாக இருக்கலாம், கோயிலிலோ தேவாலயத்திலோ ஊழியம் செய்பவராக இருக்கலாம். உங்களுக்கு வேண்டிய பயிற்சியில் தட்டல் ஒரு சிறு பங்குதான். யாருக்குச் செய்வது, யாருக்குச் செய்யவே கூடாது, காதில் விழுந்ததை எங்கே வைப்பது, எந்த நேரத்தில் யாரிடம் கூட்டிக்கொண்டு போவது என்பதெல்லாம்தான் மிச்சம். அந்த மிச்சத்தைக் கற்காமல் தோட்டத்துக்குள் இறங்க வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள்.

இலங்கையில் தட்டல் முறைக்கென்று அரச உரிமமோ பதிவோ கிடையாது. ஆங்கில வைத்தியருக்கு இலங்கை மருத்துவ சபை இருக்கிறது. ஆயுர்வேத, சித்த வைத்தியருக்கு 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு இருக்கிறது. தட்டல் சொல்லிக்கொடுப்பவரைக் கேட்க ஆளில்லை. அதனால்தான் இரண்டு நாள் சூம் வகுப்பு முடித்தவரும் ‘சர்வதேசச் சான்றிதழ் பெற்ற நிபுணர்’ என்று அட்டை அச்சடிக்க முடிகிறது. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ அப்படி ஒரு வகுப்புக்கு உங்களை அழைத்தால், காசு கட்டுவதற்கு முன் நடத்துபவரிடம் கேளுங்கள்: நான் ஒருவருக்குச் செய்து காட்டும்போது அதைப் பக்கத்திலிருந்து பார்த்துத் திருத்துவது யார்? வகுப்பு முடிந்த பிறகு எனக்குச் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது? உயிராபத்து உள்ளவரை எப்படி அடையாளம் காண்பது என்று எத்தனை மணித்தியாலம் சொல்லித் தருவீர்கள்? இதற்கெல்லாம் நேரான பதில் வராவிட்டால் அந்தச் சான்றிதழ் சுவரில் மாட்ட மட்டும்தான் உதவும்.

அரசு கேட்காவிட்டாலும், இத்துறையில் பொறுப்போடு நடப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே ஒழுங்கு வகுத்திருக்கிறார்கள். 1999இல் பிரித்தானியாவில் தொடங்கி இன்று ஈஎஃப்டி இன்டர்நேஷனல் (ஈஎஃப்டி என்பது தட்டல் முறையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்) என்ற பெயரில் இயங்கும் அமைப்பு, முதல் நிலை, இரண்டாம் நிலை என்று பயிற்சி வைத்து, அதற்குப் பிறகு மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பில் பழகி, செய்த வேலையை எழுதிக் காட்டி, ஒழுக்கக் கோவையை ஏற்றுக்கொண்ட பின்பே ஒருவரைப் பயிற்சியாளராக ஏற்கிறது. அதோடு முடிவதுமில்லை, தொடர்ந்து படித்துக்கொண்டும் மேற்பார்வை பெற்றுக்கொண்டும் இருக்க வேண்டும். நமக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்படாமல் போகலாம், கட்டணமும் எட்டாமல் போகலாம். ஆனால் அந்த வரிசை சரியான வரிசை. முதலில் தனக்கு, பிறகு கண்காணிப்பில் பிறருக்கு, பிறகும் கண்காணிப்பு.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், தெரிந்திருக்க வேண்டும். 1980களில் கலிபோர்னியாவில் ரொஜர் கலஹன் என்ற உளவியலாளர், சீன வைத்தியத்தின் அழுத்தப் புள்ளிகளைத் தட்டிப் பயத்தைக் குறைக்கலாம் என்று ஒரு முறையை உருவாக்கினார். ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒவ்வொரு புள்ளி வரிசை வைத்திருந்தார். அவரிடம் கற்ற கேரி கிரேக், படிப்பால் பொறியியலாளர். எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே வரிசை போதும் என்று 1990களின் நடுவில் அதை எளிமையாக்கினார். நாம் தட்டுவது அவருடைய வரிசையைத்தான். எந்த மதத்தின் மந்திரமும் இதில் இல்லை. பூசாரி திருநீறு போட்டு மந்திரிப்பதற்கோ, சபையில் ஜெபிப்பதற்கோ இது போட்டியும் இல்லை. யாராவது தட்டும்போது முருகா என்றோ இயேசப்பா என்றோ சொன்னால் சொல்லட்டும். நீங்களாக எதையும் சொல்லச் சொல்லாதீர்கள்.

பலன் பற்றி என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்பதில் கவனமாக இருங்கள். பதற்றத்தையும், போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் மன அதிர்ச்சியையும் தட்டல் குறைத்ததாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. 2013இல் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் 59 பேரிடம் செய்த ஆய்வு அவற்றில் ஒன்று. அவற்றில் பல சிறிய ஆய்வுகள். முறையைப் பரப்புகிறவர்களே செய்தவையும் உண்டு. மறுபக்கம், 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பல்கலைக்கழக மாணவர்கள் 119 பேரைப் பிரித்து, ஒரு குழுவைச் சரியான புள்ளிகளில் தட்ட வைத்தார்கள். இன்னொரு குழுவைப் புள்ளியே அல்லாத இடங்களில் தட்ட வைத்தார்கள். மூன்றாவது குழு ஒரு பொம்மையைத் தட்டியது. மூன்று குழுவிலும் பயம் குறைந்தது. ஒன்றும் தட்டாத குழுவில் குறையவில்லை. எனவே புள்ளியில் ஏதோ சக்தி ஓடுகிறது என்று அடித்துச் சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. பயத்தை ஒளிக்காமல் வாயால் சொல்வதும், சொல்லும்போது கைக்கு ஒரு வேலை இருப்பதும், மூச்சு சீராவதும், பக்கத்தில் ஒருவர் பொறுமையாக இருப்பதும் உதவுகின்றன என்று சொல்லலாம். “இது உடம்பைக் கொஞ்சம் அமைதிப்படுத்தும் ஒரு பயிற்சி. சிலருக்கு உதவுது, சிலருக்கு உதவல. மாத்திரைய நிப்பாட்டாதீங்க” என்பதே நீங்கள் வாக்காகக் கொடுக்கக் கூடிய முழு அளவு. சர்க்கரை, பிரஷர், வலிப்பு, ஆஸ்துமா குணமாகும் என்று ஒரு வார்த்தை சொன்னாலும் நீங்கள் இந்த வேலைக்குத் தகுதியற்றவர். நோயாளி மருந்தை நிறுத்திவிட்டால் அந்தக் கணக்கு உங்கள் பேரில்தான் எழுதப்படும்.

இனி நடைமுறைக்கு வருவோம். தோட்டத்தில் அடிக்கடி நடப்பதையே எடுத்துக்கொள்கிறேன்: குளவிக் கொட்டு.

கொழுந்து பறிக்கும்போது கூடு கலைந்து ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பேருக்குக் கொட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் தட்டலுக்கு வேலையே இல்லை. முகமோ நாக்கோ வீங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா, தலை சுற்றுகிறதா, வாந்தி வருகிறதா என்று பார்ப்பதும், 1990 அம்புலன்சுக்கோ தோட்ட லொறிக்கோ சொல்லி வைத்தியசாலைக்கு அனுப்புவதும்தான் வேலை. குளவிக் கொட்டில் உயிர் போயிருக்கிறது என்பது மலையகத்தில் யாருக்கும் தெரியாததல்ல. “பதறாதீங்க, தட்டுங்க” என்று அரை மணித்தியாலத்தைக் கடத்தினால் அது கொலைக்குச் சமம்.

இரண்டு வாரம் கழித்து, வீக்கமெல்லாம் வடிந்த பிறகு, ஒரு அக்கா உங்களிடம் வருகிறார்.

“மிஸ், அந்த மலைப் பக்கம் போனாலே கையும் காலும் நடுங்குது. இன்னைக்கும் பெரட்டுக்குப் போய்ட்டுத் திரும்பி வந்துட்டேன். என்னால ஏலாது.”

பயிற்சி இல்லாதவர் உடனே கையைத் தூக்கித் தட்டத் தொடங்குவார். பயிற்சி பெற்றவர் முதலில் கேட்பார்.

“உக்காருங்கக்கா. தண்ணி குடிச்சீங்களா? அந்தக் கூடு இன்னும் அங்கதான் இருக்கா?”

“இருக்கு மிஸ். கங்காணிகிட்ட சொன்னோம். பாப்போம்னாரு.”

இங்கே நிறுத்துங்கள். கூடு இருக்கிறது என்றால் அந்தப் பயம் நோயல்ல. புத்தி சொல்கிற பயம். கூடு தொங்குகிற மரத்தடிக்குப் பயமில்லாமல் போகும்படி ஒரு தொழிலாளியைப் பழக்குவது உதவி ஆகாது. தோட்டத் தலைவரிடம் சொல்வது, தலைவர் மூலம் வெளிக்கள உத்தியோகத்தரிடமும் துரையிடமும் சொல்ல வைப்பது, கூடு அகற்றப்படும்வரை அந்த நிரையில் ஆள் போடாதிருக்கக் கேட்பது, இவைதான் முதல் சிகிச்சை. அதைச் செய்ய ஆள் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டுதான் தட்டலுக்கு வர வேண்டும்.

கூடு போய்விட்டது, ஆனாலும் நடுக்கம் போகவில்லை. இப்போது தட்டலாம். எவ்வளவு பயம் என்று அளக்க, ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் தந்த அளவுகோலைப் பூச்சியம் முதல் பத்து வரை வைத்துத்தான் பயிற்சிப் புத்தகங்கள் பயன்படுத்துகின்றன. பத்துக்கு எத்தனை என்று கேட்டால் நம்மவர் பலர் சங்கடப்பட்டு “தெரியல மிஸ்” என்பார்கள். கூடையை வைத்துக் கேளுங்கள். இந்தப் பயம் இப்போது வெறுங்கூடையா, அரைக்கூடையா, கழுத்தை இழுக்கிற நிறைகூடையா? உடனே பதில் வரும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அதையே கேளுங்கள்.

சொல்ல வேண்டிய வாசகத்தையும் புத்தகத்திலிருந்து ஒப்புவிக்க வேண்டாம். அந்த அக்கா வாயால் சொன்னதையே எடுத்து, அதோடு இப்போது உண்மையாக இருப்பதைச் சேர்த்துச் சொல்ல வையுங்கள்: “நடுங்குதுதான். பயமாத்தான் இருக்கு. ஆனா இப்ப நான் பிள்ளை காம்பரா வாசல்ல உக்காந்திருக்கேன், பக்கத்துல மிஸ் இருக்காங்க.” குளவி கொட்டிய நாளின் முழுக் கதையையும் முதல் சந்திப்பிலேயே சொல்லும்படி தூண்டாதீர்கள். பெரட்டுக் களத்தில் நிற்பதை மட்டும் நினைக்கச் சொல்லுங்கள். அது அரைக்கூடைக்கு இறங்கினால் அன்றைக்குப் போதும். அடுத்த சந்திப்பில் மலைக்குப் போகும் பாதை, அதற்கடுத்து நிரை. நினைக்க நினைக்கப் பயம் ஏறி, மூச்சு முட்டி, கண் நிலைகுத்தினால் கதையை அங்கேயே விட்டுவிடுங்கள். கால் தரையில் படுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள், வெளியே தெரியும் ஐந்து பொருளைப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். இப்படி நிலத்துக்குத் திருப்பிக் கொண்டுவரத் தெரியாதவர் தட்டல் சொல்லிக்கொடுக்க இன்னும் தயாராகவில்லை.

இன்னொன்றும் அருகிலிருந்து பார்த்தால்தான் தெரியும். வருடக்கணக்காகத் தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமந்தவருக்கு உச்சந்தலையும் கழுத்தும் நொந்திருக்கும். அந்த இடத்தை விட்டுவிடலாம். கொழுந்து கிள்ளும் விரல் நுனி வெடித்திருக்கும். விரலின் வயிற்றுப் பக்கத்தால் தட்டச் சொல்லுங்கள். கைக்குழந்தையை மடியில் வைத்திருப்பவர் ஒற்றைக் கையால் தட்டினால் போதும்.

நீங்கள் அவர் உடம்பைத் தொடவே கூடாது. இது கண்டிப்பான விதி. உங்கள் உடம்பில் நீங்கள் காட்டுங்கள், அவர் உடம்பில் அவர் தட்டட்டும். கக்கமும் காறையெலும்பும் பிறர் கை படும் இடங்களல்ல. ஆண் ஒருவர் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்க நேர்ந்தால் கதவு திறந்திருக்கட்டும், இன்னொரு பெண் கண்ணுக்கெட்டும் தூரத்தில், பேச்சுக் கேட்காத இடத்தில் இருக்கட்டும். பிள்ளைகளோடு தனியறையில் யாரும் உட்கார வேண்டாம். பிள்ளைகளுக்கு இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்கே வைத்து மாறி மாறித் தட்டும் வண்ணத்துப்பூச்சி அணைப்பு பிடிக்கும். மெக்சிகோவில் சூறாவளி ஒன்றுக்குப் பிறகு, 1998இல் அங்கிருந்த பிள்ளைகளோடு வேலை செய்தபோது லூசினா ஆர்டிகாஸ் உருவாக்கியது அது. தன் கையால் தன்னையே அணைத்துக்கொள்வதால் யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை.

அடுத்தது இரகசியம். நகரத்துப் பயிற்சிப் புத்தகங்கள் ‘அமைதியான தனியறை’ என்று ஒரு வரியில் முடித்துவிடும். லயத்தில் தனியறை எங்கே இருக்கிறது? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அடுப்பும் கட்டிலும் பாடப் புத்தகமும் ஒன்றாகக் கிடக்கின்றன. இந்தக் காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கிறது. அங்கே உட்கார்ந்து ஒருவர் தன் மனதைத் திறந்தால் அன்றிரவே லயம் முழுக்கப் பரவும். அதனால் இடம் தேடுவதும் பயிற்சியின் பகுதி. பிள்ளைகள் போன பிறகு பிள்ளை காம்பரா, பூசை இல்லாத நேரம் கோயில் மண்டபம், ஞாயிற்றுக்கிழமை பாடசாலை வகுப்பறை, அல்லது எல்லோரும் பார்க்கும்படியாக, யாருக்கும் கேட்காதபடி மைதானத்தில் ஒரு நடை. ஒருவர் வீட்டுக்கு நீங்கள் அடிக்கடி போனால் “அங்க என்ன பிரச்சினையாம்?” என்ற கேள்வி வரும். ஆகவே மாதர் சங்கக் கூட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஒருவர் தனியாக வந்தால் யார் கண்ணையும் உறுத்தாது.

நீங்கள் அவருக்கு அத்தையாகவோ சித்தியாகவோ மதினியாகவோ இருப்பீர்கள். தோட்டத்தில் உறவில்லாதவர் குறைவு. அவர் கணவர் உங்கள் தம்பி என்றால் அந்த வீட்டுப் பிரச்சினையை நீங்கள் கேட்க வேண்டாம். அடுத்த தோட்டத்தில் பயிற்சி பெற்றவரிடம் அனுப்புங்கள். இதற்காகவே ஒரு தோட்டத்துக்கு ஒருவர் என்று பயிற்றுவிக்காமல், அக்கம்பக்கத் தோட்டங்களிலிருந்து நாலைந்து பேரைச் சேர்த்துப் பயிற்றுவிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

குறிப்பு எழுதுங்கள், ஆனால் பெயர் எழுதாதீர்கள். திகதி, எந்த மாதிரிக் கவலை, தொடக்கத்தில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு, யாரிடம் அனுப்பினீர்கள் என்பது போதும். கொப்பி பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். கைப்பேசியில் படம் எடுப்பதும், ‘குணமானவர்’ பேசும் வீடியோவை வட்ஸ்அப்பில் போடுவதும் அவர் சம்மதித்தாலும் கூடாது. இன்றைக்குச் சம்மதிப்பார், மகளுக்குச் சம்பந்தம் பேசும் நாளில் அந்த வீடியோ திரும்பி வரும்.

இரகசியம் உடைபட வேண்டிய இடங்களும் உண்டு. அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்: “நீங்க சொல்றத யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உங்க உயிருக்கோ வேற யாரோட உயிருக்கோ ஆபத்துன்னா, ஒரு பிள்ளைக்குக் கெடுதல் நடக்குதுன்னா மட்டும் சொல்லியே ஆகணும்.” பிள்ளை துன்புறுத்தப்படுவது தெரிந்தால் 1929க்கு அழையுங்கள். கணவன் அடிக்கிறான் என்றால் அடியைத் தாங்கிக்கொள்ளத் தட்டச் சொல்லாதீர்கள். கணவனையும் மனைவியையும் ஒன்றாக உட்கார வைத்துத் தட்டவும் வேண்டாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை பெறலாம் என்பதைச் சொல்லுங்கள். பெண்களுக்கான 1938 இலக்கத்தைக் கொடுங்கள். அன்றிரவு எங்கே படுப்பது என்பதை அவரோடு சேர்ந்து யோசியுங்கள்.

உயிரை மாய்க்கும் எண்ணம் பற்றி நேராகக் கேட்கப் பழகுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் தயங்குகிறார்கள். அப்படி ஆவதில்லை, கேட்டதும் அழுதுவிட்டு மனம் திறப்பவர்களே அதிகம். “இப்படி இருக்கிறதவிடச் செத்துரலாம்னு தோணியிருக்கா?” என்று அவர் பேசும் மொழியிலேயே கேளுங்கள். ஆம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா, கைக்கு எட்டும் இடத்தில் மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். களைநாசினி, மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து எல்லாவற்றையும் வீட்டை விட்டு அகற்றச் செய்வது உங்களால் ஆகும் மிகப் பெரிய காரியம். 1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமாக இருந்த நாடுகளில் இலங்கை ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு அந்த எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. அந்த ஒரு நேரம் கையில் விஷம் கிடைக்காதிருந்தால் ஆள் பிழைத்துக்கொள்கிறார். வைத்தியசாலைக்குப் போனால் பொலிஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைப்பவர்களிடம், தற்கொலை முயற்சி குற்றமல்ல என்று 1998இலேயே சட்டம் மாற்றப்பட்டதைச் சொல்லுங்கள். இப்படிப்பட்டவரைத் தனியே விடாதீர்கள், தட்டலை எடுக்கவே எடுக்காதீர்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ ஒருவரைக் கூட அனுப்புங்கள்.

இதே போல் நேராக வைத்தியரிடம் போக வேண்டியவர்கள்: பல நாளாக உறங்காமல் ஓயாது பேசுகிறவர், காதில் குரல் கேட்கிறவர், பிள்ளை பெற்று சில வாரங்களில் பிள்ளையைப் பார்க்கவே மறுக்கும் தாய், குடியைத் திடீரென நிறுத்தி நடுக்கமும் வலிப்பும் கண்டவர். தாயின் விஷயத்தில் குடும்பநல மாதுவுக்கு உடனே சொல்லுங்கள். சூனியம் என்று குடும்பம் நம்பினால் வாதாட வேண்டாம். பரிகாரத்தையும் செய்யட்டும், கிளினிக்குக்கும் வரட்டும் என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் போகிறவர்களை நாம் இழப்பதில்லை, வாதாடினால் இழந்துவிடுவோம்.

மண்சரிவுக் காலத்துக்குத் தனியாக ஒரு சொல். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிழக்கிலும் தெற்கிலும் பல நாட்டு அமைப்புகள் ஆளுக்கொரு சிகிச்சையோடு வந்து இறங்கின. ஊர்மொழி தெரியாதவர்கள், ஒரு வாரத்தில் திரும்பிப் போகிறவர்கள் பலர் அவற்றில் இருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது உறவுகளைத் தேடி நின்றவர்களுக்கு வேண்டியிருந்தது செய்தியும், படுக்க இடமும், பிள்ளைக்குப் பாலும், அடையாள அட்டையும்தான். அப்படியொரு நாளில், நடந்ததை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சொல்லியே தீர வேண்டும் என்று வற்புறுத்தும் ஒரே நாள் கூட்டங்களைத் தவிர்க்குமாறு சர்வதேச வழிகாட்டிகள் சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2011இல் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி மூன்று வேலை சொல்கிறது: பார், கேள், இணை. ஆபத்து என்னவென்று பார்ப்பது, சொல்ல விரும்புவதைக் கேட்பது, வேண்டிய உதவியோடு இணைத்துவிடுவது. தட்டல் கற்குமுன் இந்த மூன்றையும் கற்றவரையே நான் பயிற்சியில் சேர்ப்பேன். முகாமில் உறக்கம் வராமல் தவிப்பவருக்கு, அவர் விரும்பினால், பிறகு தட்டலைக் காட்டலாம்.

பயிற்சியை எப்படி அமைப்பது? என் பரிந்துரை ஆறு மாதம். முதல் மாதம் தினமும் தனக்குத் தானே தட்டி, நடந்ததைக் கொப்பியில் எழுத வேண்டும். தன் கோபத்தோடும் பயத்தோடும் உட்கார்ந்து பார்க்காதவர் பிறருடைய அழுகைக்கு முன் நிலைகொள்ள மாட்டார். இரண்டாம் மாதம் தட்டலே இல்லை. கேட்கும் பயிற்சி, உளவியல் முதலுதவி, மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள். இந்த மாதத்தில் வைத்தியசாலை மனநலக் கிளினிக்குக்கும், பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தரிடமும் நேரில் போய், “நாங்கள் ஆள் அனுப்பினால் எந்த நாளில், யாரைப் பார்க்க வேண்டும்? தமிழ் பேசுபவர் இருப்பாரா?” என்று கேட்டுப் பதிலை எழுதிவர வேண்டும். தமிழ் பேசுபவர் இல்லாத நாளில் மொழிபெயர்க்க யார் கூடப் போவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். பத்து வயதுப் பிள்ளையைத் தாயின் துயரத்தைச் சிங்களத்தில் சொல்ல வைக்கக் கூடாது. மூன்றாம் மாதம் பயிற்சி பெறுபவர்கள் ஒருவருக்கொருவர் செய்து, பார்த்திருப்பவர் திருத்துவது. கடைசி மூன்று மாதம் சின்னக் கவலைகளோடு வருபவருக்கு மட்டும், மூத்தவர் கண்காணிப்பில்: பரீட்சைப் பயம், ஊசிப் பயம், பல் பிடுங்கும் பயம், பஸ்ஸில் மலைப்பாதை வளைவுகளில் வரும் பயம்.

சாதாரண மக்களைக் கொண்டு மனநல உதவி செய்ய முடியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்குச் சிம்பாப்வேயைச் சொல்லலாம். டிக்சன் சிபந்தா என்ற மனநல மருத்துவர் 2006இல் அங்கே பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வாசலில் ஒரு வாங்கில் உட்கார வைத்தார். மனம் சோர்ந்தவர்கள் வந்து அவர்களோடு பேசினார்கள். 2016இல் வெளியான பரிசோதனை ஆய்வு அதன் பலனை உறுதி செய்தது. கோவாவிலும் சங்கத் அமைப்பு உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து இதைச் செய்து காட்டியிருக்கிறது. இரண்டிலும் தட்டல் இல்லை. ஆனால் இரண்டிலும் எழுதப்பட்ட ஒழுங்கு இருந்தது, வாராவாரம் மேற்பார்வை இருந்தது, கடுமையானவர்களை மேலே அனுப்பும் வழி இருந்தது. நம் தோட்டத்துப் பெண்களும் அந்தப் பாட்டிமாருக்குக் குறைந்தவர்களல்ல. குறைவது மேற்பார்வை.

ஆகவே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்குங்கள். கொட்டகலை, தலவாக்கலை, நோர்வூட் என்று எல்லோருக்கும் பஸ் உள்ள இடமாகப் பாருங்கள். பெயர் சொல்லாமல், யாருக்கு என்ன செய்தோம், எங்கே தடுமாறினோம் என்று பேசுங்கள். உளவளத்துணை கற்ற ஒருவர் கட்டாயம் அமர்ந்திருக்க வேண்டும். ஒரு மாதம் வராதவருக்குக் காரணம் கேளுங்கள்; மூன்று மாதம் வராதவர் தட்டல் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திக்கொள்ள வேண்டும். கேட்டுக் கேட்டு உங்கள் மனமும் கனக்கும். உறக்கம் கெட்டாலோ, பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தாலோ அதையும் அந்தக் கூட்டத்தில் சொல்லுங்கள், ஒரு மாதம் ஓய்வெடுங்கள்.

காசு விஷயம்: தோட்டத்துக்குள் வாங்காதீர்கள். நாட்கூலிக்காரர் மனவருத்தத்தோடு வரும்போது கட்டணம் வைத்தால், வட்டிக்கு வாங்கியாவது கொடுப்பார். பஸ் காசும் தேநீர்ச் செலவும் அமைப்போ மாதர் சங்கமோ பார்த்துக்கொள்ளட்டும்.

நிர்வாகம் அழைத்து “ஆட்கள் வேலைக்கு ஒழுங்கா வர்றதில்ல, தட்டச் சொல்லிக் குடுங்க” என்று கேட்டால் போகலாம், நிபந்தனையோடு. யார் வந்தார், என்ன சொன்னார் என்ற விவரம் நிர்வாகத்துக்கோ தொழிற்சங்கத்துக்கோ போகாது. வருவது தொழிலாளியின் விருப்பம், வராதவருக்குப் பேர் வெட்டக் கூடாது. கிலோ கூடாததற்கும், நுண்கடன் வாரத் தவணைக்கும், ஒழுகும் கூரைக்கும் தட்டல் மருந்தல்ல என்பதை நீங்கள் அந்த அறையிலேயே சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அழைப்பு வராமல் போனால் போகட்டும்.

கடைசியாக, சட்டைப்பையில் வைக்கும் அளவில் ஓர் அட்டை எழுதிக்கொள்ளுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926, அம்புலன்ஸ் 1990, பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938, பொலிஸ் 119. அதன் கீழே உங்கள் பகுதிக் கிளினிக் நாள், குடும்பநல மாதுவின் இலக்கம், இரவில் வாகனம் தரக்கூடிய இருவரின் இலக்கம். எழுதிய அன்றே 1926க்கு நீங்களே ஒருமுறை அழைத்து, தமிழில் பேச எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு அதையும் அட்டையில் குறியுங்கள். உங்கள் லயத்தில் எந்த இடத்தில் நின்றால் சிக்னல் கிடைக்கும் என்பதையும் பார்த்து வையுங்கள்.